மக்கும் பிளாஸ்டிக்: கள்ளி காத்திருக்கிறது; துறைகள் ஒன்றுசேர வேண்டும்

புது தில்லி: ஒருமுறை மட்டுமே பயன்படுத்தித் தூக்கி எறியப்படும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு நாடு முழுவதும் தடை விதிக்கும் விதி 2022 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. தட்டு, டம்ளர், கரண்டி, உறிஞ்சுகுழல், பலூன் குச்சி, காது குடையும் குச்சி, இனிப்புப் பெட்டியின் மேல் சுற்றும் மெல்லிய தாள் என நீண்டது அந்தப் பட்டியல். தடை செய்ய வேண்டியவை எவை என்பதில் அரசுக்குத் தெளிவு இருந்தது. அவற்றின் இடத்தில் வரப்போவது எது என்ற கேள்விக்கு அதே அளவு தெளிவான விடை இல்லை. பழச்சாறு, பால் நிறுவனங்கள் உறிஞ்சுகுழலுக்கு மாற்று கிடைக்கவில்லை என்று கடைசி நாள்வரை அவகாசம் கோரின. தள்ளுவண்டி வியாபாரிகளோ யாரிடமும் எதையும் கோரும் நிலையில் இல்லை.

அந்தக் கேள்விக்கான விடைகளில் ஒன்று இந்தியாவுக்கு நெடுந்தொலைவில், மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில், ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உருவானது. அதன் மூலப்பொருள் கள்ளிச் சாறு. தமிழகத்தின் கரிசல் காட்டிலும் வேலி ஓரத்திலும் வளரும் சப்பாத்திக்கள்ளியின் நெருங்கிய இனம்தான் அந்தச் செடி. அதன் முள்ளில்லாத வகையைத் தரிசு நிலங்களில் பயிரிட மத்திய அரசே திட்டம் வகுத்துள்ளது. பிளாஸ்டிக்குக்குத் தடை, மக்கும் பொருளுக்குத் தரநிலை, கள்ளிக்கு நிலம் என மூன்றும் இந்தியாவில் உள்ளன. ஆனால் மூன்றும் வெவ்வேறு அமைச்சகங்களின் கோப்புகளில் உள்ளன.

சாறு தாளாகும் விதம்

மெக்சிகோ நாட்டின் கொடியிலேயே கள்ளிக்கு இடம் உண்டு. கள்ளிச் செடியின் மீது அமர்ந்திருக்கும் கழுகுதான் அந்நாட்டின் சின்னம். 'நோபால்' என்று அங்கு அழைக்கப்படும் இந்தச் செடியின் மடலைக் காய்கறியாகச் சமைப்பதும், பழத்தை உண்பதும் அன்றாட வழக்கம். குவாதலஹாராவில் உள்ள அதெமஹாக் பள்ளத்தாக்குப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியையான சாண்ட்ரா பாஸ்கோ ஓர்டிஸ் அந்தச் செடியில் பிளாஸ்டிக்குக்கு மாற்றைத் தேடினார். 2013ஆம் ஆண்டளவில் மாணவர்களின் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கிய முயற்சி அது. 2019இல் அதன் விவரம் உலகச் செய்தியானது.

செய்முறை சிக்கலானதன்று. முதிர்ந்த மடல்கள் வெட்டப்படுகின்றன, செடி அழிக்கப்படுவதில்லை, வெட்டிய இடத்தில் மீண்டும் மடல் துளிர்க்கும். மடலின் முள்ளும் தோலும் நீக்கப்பட்டுச் சாறு பிழியப்படுகிறது. அதனுடன் கிளிசரின், இயற்கை மெழுகு, புரதம், நிறமி ஆகியவை கலக்கப்படுகின்றன. இந்தக் கலவையை மெல்லிய படலமாகப் பரப்பி உலர்த்தினால் வளையும் தன்மையுள்ள தாள் கிடைக்கிறது. சேர்க்கும் பொருள்களின் அளவை மாற்றுவதன் மூலம் தாளின் தடிமன், நிறம், விறைப்பு ஆகியவற்றையும் மாற்ற இயலும்.

சப்பாத்திக்கள்ளி மடலை ஒடித்தவர்களுக்கு அதிலிருந்து வடியும் வழுவழுப்பான நீர் நினைவிருக்கும். அந்த வழுவழுப்புதான் இந்தக் கண்டுபிடிப்பின் அடிப்படை. கோடை முழுவதும் தண்ணீரைத் தன் உடலுக்குள் பிடித்து வைக்கக் கள்ளி உருவாக்கிக்கொள்ளும் பிசின் அது. பலவகைச் சர்க்கரை மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாகக் கோத்துக்கொண்டு உருவாவது. பாலித்தீனும் நீண்ட சங்கிலிதான். ஆனால் பெட்ரோலியத்திலிருந்து பிறக்கும் அந்தச் சங்கிலியை மண்ணில் உள்ள நுண்ணுயிர்களால் எளிதில் அறுக்க முடிவதில்லை. சர்க்கரைச் சங்கிலியோ அவற்றுக்கு உணவு. சங்கிலிகள் ஒன்றோடொன்று இறுகி உடையாமல் இருக்கக் கிளிசரின் உதவுகிறது. நீர் எளிதில் புகாதிருக்க மெழுகு உதவுகிறது.

இந்தத் தாள் மண்ணில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் சிதையத் தொடங்குவதாகவும், நீரில் சில நாள்களிலேயே கரையத் தொடங்குவதாகவும் ஆய்வுக் குழு தெரிவித்தது. கலக்கப்படும் பொருள்கள் நச்சற்றவை என்பதால், விலங்குகளோ மீன்களோ தவறி உண்டாலும் தீங்கில்லை என்பது அக்குழுவின் வாதம்.

இந்த வாதத்துக்கு இந்தியாவில் தனிப் பொருள் உண்டு. 2019ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் தெருக்களில் திரியும் மாடுகளின் எண்ணிக்கை 50 லட்சத்துக்கும் அதிகம். உணவுக் கழிவோடு சேர்த்து வீசப்படும் பாலித்தீன் பைகளை அவை விழுங்குகின்றன. அந்தப் பைகள் செரிக்காமல் இரைப்பையிலேயே தங்கி, பந்தாகத் திரண்டு, உயிரைப் பறிக்கின்றன. மாட்டின் வயிற்றுக்குள் சென்றாலும் செரித்துவிடும் பை என்பது இந்திய நகரங்களைப் பொருத்தவரை ஆய்வுக்கூட ஆர்வத்துக்கு அப்பாற்பட்ட தேவை.

வலிமையே பலவீனம்

ஆனால் எளிதில் மக்குவது எதுவோ அது எளிதில் கெடவும் செய்யும். தண்ணீரைப் பிடித்து வைப்பதற்கென்றே இயற்கை உருவாக்கிய பிசின், தண்ணீரைக் கண்டால் இளகுவதில் வியப்பில்லை. கள்ளித் தாளில் செய்த பையில் ஈரமான மீனையோ, தயிரையோ, மழைக்காலத்தில் காய்கறியையோ எடுத்துச் செல்வது கடினம். உலர்ந்த பொருள்களைச் சுற்றவும், குறுகிய காலப் பயன்பாட்டுக்கும் அது ஏற்றது. பாலித்தீனின் எல்லாப் பணிகளையும் அது ஏற்கும் என்று எதிர்பார்ப்பது சரியாகாது.

அடுத்தது அளவு. கள்ளி மடலில் ஏறத்தாழ 90 விழுக்காடு தண்ணீர். நூறு கிலோ மடலை உலர்த்தினால் எஞ்சுவது சுமார் பத்து கிலோ. அதிலும் பிசின் ஒரு பகுதி மட்டுமே. அந்தத் தண்ணீரை வெளியேற்றுவதற்கு வெப்பம் வேண்டும். வெப்பத்துக்கு எரிசக்தி வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கையால் செய்யும்போது ஒரு தாளை உருவாக்கப் பல நாள்கள் பிடிக்கின்றன. ஒரு மணி நேரத்தில் பைகளை ஆயிரக்கணக்கில் வெட்டித் தள்ளும் பாலித்தீன் இயந்திரத்தோடு இது இன்று போட்டியிட முடியாது.

மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி நாட்டில் 2019-20ஆம் ஆண்டில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவு சுமார் 34.7 லட்சம் டன். 2020-21இல் அது 41 லட்சம் டன்னைத் தாண்டியது. இந்த மலைக்கு முன்னால் கள்ளிச் சாறு சிறு துளியே. எனினும், அந்த மலையில் மிகவும் தொல்லை தருவது எது என்று பார்த்தால் துளியின் மதிப்பு புரியும். தடித்த பிளாஸ்டிக் குடத்தையும் நாற்காலியையும் பழைய பொருள் வியாபாரி விலை கொடுத்து வாங்கிச் செல்கிறார். மெல்லிய உறையையும் சுற்றுத்தாளையும் குப்பை பொறுக்குபவர்கூடத் தொடுவதில்லை. எடைக்கு எதுவும் தேறாது. சாக்கடையை அடைப்பதும், மாட்டின் வயிற்றில் சேர்வதும் பெரும்பாலும் அவைதான். கள்ளித் தாள் இடம்பிடிக்கக் கூடியதும் அங்கேதான்.

சைதாப்பேட்டையில் தொடங்கிய கதை

இந்தியாவுக்குக் கள்ளி புதிதன்று. கள்ளியை வைத்துத் தொழில் செய்யும் ஆசையும் புதிதன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான ஜேம்ஸ் ஆண்டர்சன், சென்னை சைதாப்பேட்டையில் இதற்கென்றே ஒரு கள்ளித் தோட்டம் அமைத்தார். கள்ளியில் வாழும் ஒருவகைப் பூச்சியிலிருந்து கிடைக்கும் சிவப்புச் சாயத்தில் ஸ்பெயின் நாட்டவர் அன்று ஏகபோகம் செலுத்தினர். அதை உடைப்பதே கம்பெனியின் நோக்கம்.

1795இல் பிரேசிலிலிருந்து பூச்சி கொண்டுவரப்பட்டது. ஆனால் வந்து சேர்ந்தது நல்ல சாயம் தரும் இனமன்று. அதன் உறவினமான வேறொரு பூச்சி. சாயத் தொழில் வளரவில்லை. மாறாக, அந்தப் பூச்சி ஒருவகைக் கள்ளியையே அழிக்கத் தொடங்கியது. களையைப் பூச்சியைக் கொண்டு ஒழித்த முதல் நிகழ்வுகளில் ஒன்றாக வேளாண் அறிவியல் நூல்கள் இன்றும் இதனைக் குறிப்பிடுகின்றன. பின்னர் வேறு இனக் கள்ளிகள் தென்னிந்தியாவில் மேய்ச்சல் நிலங்களையும் வயல்களையும் ஆக்கிரமித்தன. அவற்றை ஒழிக்க 1926இல் இலங்கை வழியாக மற்றொரு பூச்சி வரவழைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் கள்ளிக் காடுகள் கருகி விழுந்தன.

இந்தப் பழங்கதை இன்றைய திட்டத்துக்கு ஓர் எச்சரிக்கை. 1926இல் நன்மை செய்ய வந்த அதே இனப் பூச்சிதான் 2014இல் மொராக்கோ நாட்டில் தென்பட்டு, அங்கு விவசாயிகள் வேலியாகவும் பயிராகவும் வளர்த்த கள்ளித் தோட்டங்களை நாசமாக்கியது. எனவே ஒரே வகைக் கள்ளியைப் பரந்த பரப்பில் நடுவது ஆபத்து. பூச்சியைத் தாங்கும் வகைகளைத் தேர்ந்தெடுப்பதும், பல வகைகளைக் கலந்து நடுவதும் தேவை. அதேபோல், எங்கும் பரவிக் களையாக மாறாத வகையா என்பதையும் முன்கூட்டியே உறுதி செய்தாக வேண்டும்.

தரிசு நிலத்துக்குப் பச்சை

இஸ்ரோவின் அகமதாபாத் மையம் தயாரித்த வரைபடத் தொகுப்பின்படி 2018-19இல் இந்தியாவில் வளம் குன்றிய நிலத்தின் பரப்பு 9.78 கோடி ஹெக்டேர். இது நாட்டின் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு. பாலைவனம் சூழ்ந்த ராஜஸ்தானில்தான் இத்தகைய நிலம் மிகுதி. இந்த நிலத்தை மீட்கும் பொறுப்பு ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் நிலவளத் துறைக்கு உரியது.

2022ஆம் ஆண்டில் அந்த அமைச்சகம் கள்ளி சாகுபடி குறித்துத் தில்லியில் ஆலோசனைக் கூட்டங்களை நடத்தியது. அன்றைய அமைச்சர் கிரிராஜ் சிங் இதில் தனி ஆர்வம் காட்டினார். பிரதமரின் வேளாண் பாசனத் திட்டத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாட்டுப் பிரிவின் கீழ் முள்ளில்லாக் கள்ளியை நடுவது என்று முடிவானது. கால்நடைத் தீவனம், உயிரி எரிபொருள், உயிரி உரம், உணவு ஆகியவையே முதன்மைப் பயன்களாக முன்வைக்கப்பட்டன.

ஆராய்ச்சி அடித்தளமும் இல்லாமல் இல்லை. ஜோத்பூரில் உள்ள மத்திய வறள் மண்டல ஆராய்ச்சி நிறுவனம், ஜான்சியில் உள்ள இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனம், மத்தியப் பிரதேசத்தின் சீஹோர் மாவட்டம் அம்லாஹாவில் உள்ள இக்கார்டா சர்வதேச ஆய்வு மையம் ஆகியவை வெளிநாடுகளிலிருந்து தருவித்த முள்ளில்லாக் கள்ளி வகைகளை வளர்த்துச் சோதித்துள்ளன. இரவில் மட்டுமே இலைத்துளைகளைத் திறந்து காற்றை உள்வாங்கும் செடி என்பதால், மற்ற பயிர்களுக்குத் தேவையானதில் சிறு பங்கு நீரே கள்ளிக்குப் போதும்.

இங்கேதான் ஒரு நெருடலும் உள்ளது. வறட்சி ஆண்டில் ராஜஸ்தான் கால்நடை வளர்ப்போருக்குக் கள்ளி மடல் என்பது தீவனமும் தண்ணீரும் சேர்ந்த ஒன்று. அதே மடலுக்குப் பிளாஸ்டிக் ஆலை விலை கொடுத்தால் அது யாருக்குப் போகும்? தரிசு என்று வருவாய்ப் பதிவேட்டில் குறிக்கப்படும் நிலம் பல இடங்களில் கிராமத்தின் பொது மேய்ச்சல் நிலம். அதில் கள்ளி நடும்போது அறுவடையின் உரிமை ஊராட்சிக்கா, குத்தகைதாரருக்கா என்பது முதலிலேயே தீர்க்கப்பட வேண்டும். காட்டாமணக்கிலிருந்து டீசல் எடுக்கும் திட்டம் 2000களில் பெரும் ஆரவாரத்தோடு தொடங்கி, விதைக்கு வாங்குவோரும் எதிர்பார்த்த விளைச்சலும் இன்றி மங்கியதை நாடு கண்டிருக்கிறது. சந்தை எங்கே என்று அறியாமல் விவசாயியிடம் நாற்றைக் கொடுப்பது மீண்டும் நிகழக் கூடாது.

மக்கும் என்றால் என்ன?

சந்தைக்கு வர வேண்டுமானால் சட்டத்தின் வாசலைக் கடக்க வேண்டும். 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 2016ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள்தான் இன்றும் அடிப்படை. பின்னர் அவை பலமுறை திருத்தப்பட்டன. கைப்பையின் குறைந்தபட்சத் தடிமன் 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரான் என்றும், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் என்றும் உயர்த்தப்பட்டது. உரமாக மக்கும் பிளாஸ்டிக் பைகளுக்கு இந்தத் தடிமன் வரம்பு இல்லை. ஆனால் அவற்றைத் தயாரிப்போர் விற்பனைக்கு முன் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திடம் சான்றிதழ் பெற்றாக வேண்டும்.

விதிகளில் இரு சொற்கள் உள்ளன. ஒன்று, உரமாக மக்குவது. மற்றது, உயிரியல் முறையில் சிதைவது. சாதாரண மனிதருக்கு இரண்டும் ஒன்றே. சட்டத்தில் இரண்டும் வேறு. முதலாவது, உரத் தயாரிப்புக் கூடத்தின் சூழலில் மக்க வேண்டும். அதற்கான சர்வதேசச் சோதனை சுமார் 58 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நடக்கிறது. 180 நாள்களுக்குள் 90 விழுக்காடு சிதைந்தால் தேர்ச்சி. இரண்டாவது, மண், குப்பைமேடு, நன்னீர், கடல் போன்ற குறிப்பிட்ட சூழலில் நுண்பிளாஸ்டிக் துகள் எதையும் விட்டுச் செல்லாமல் சிதைய வேண்டும் என்று 2024 மார்ச் திருத்தம் வரையறுத்தது.

இந்த வேறுபாடு ஏட்டளவிலானது அன்று. இன்று மக்கும் பை என்ற பெயரில் சந்தையில் உள்ளவற்றில் பலவும் உரக்கூடத்தின் உயர் வெப்பத்தில் மட்டுமே உரிய காலத்தில் மக்கக் கூடியவை. குப்பையைத் தரம் பிரிக்காத ஊரில், உரக்கூடமே இல்லாத நகராட்சியில், அந்தப் பை சாக்கடையில் நீண்ட காலம் அப்படியே கிடக்கும். சாதாரண மண்ணிலும் நீரிலும் சிதையும் என்பதுதான் கள்ளித் தாளின் சிறப்பு. இந்தியத் தெருவின் உண்மை நிலைக்கு அது பொருந்துகிறது. அந்தச் சிறப்பை மெய்ப்பிக்க இந்திய மண்ணிலும் இந்தியத் தட்பவெப்பத்திலும் சோதனை நடக்க வேண்டும்.

பெரிய ஆலை, சிறிய பட்டறை

மக்கும் பிளாஸ்டிக் என்ற துறையில் பெருமூலதனம் ஏற்கெனவே நுழைந்துவிட்டது. கரும்புச் சர்க்கரையிலிருந்து பாலிலாக்டிக் அமிலம் தயாரிக்க ஆண்டுக்கு 75 ஆயிரம் டன் திறனில் ஆலை அமைக்கப்போவதாக பல்ராம்பூர் சர்க்கரை ஆலை நிறுவனம் 2024இல் அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'பயோ இ3' எனும் உயிரித் தொழில்நுட்பக் கொள்கையிலும் உயிரிப் பாலிமர்களுக்கு இடம் உண்டு. ஆனால் கரும்பு தண்ணீரைக் குடிக்கும் பயிர். நிலத்தடி நீர் வற்றிவரும் நாட்டில், பிளாஸ்டிக்குக்காகக் கூடுதல் கரும்பு என்பது ஒரு சிக்கலைத் தீர்க்க இன்னொன்றை வளர்ப்பதாக முடியலாம்.

கள்ளியின் பாதை வேறு. வெட்டிய மடலைத் தொலைதூரம் எடுத்துச் செல்வது என்பது பெரும்பாலும் தண்ணீரைச் சுமப்பதற்குச் சமம். ஆகவே சாறு பிழிதலும் உலர்த்தலும் விளையும் இடத்தருகே நடப்பதே சிக்கனம். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் வெயிலுக்குப் பஞ்சமில்லை. சூரிய வெப்பத்தில் உலர்த்தும் சிறு பட்டறைகளை மகளிர் சுயஉதவிக் குழுக்களே நடத்த முடியும். சாறு எடுத்தபின் எஞ்சும் சக்கையை மாட்டுக்குக் கொடுக்கலாம். சாண எரிவாயுக் கலனிலும் இடலாம். தீவனமா, பிளாஸ்டிக்கா என்ற மோதலுக்கும் இதில் ஓரளவு தீர்வு உண்டு. கள்ளியைத் தொழிலாக்க முடியும் என்பதற்கும் மெக்சிகோவிலேயே சான்று இருக்கிறது. கள்ளி மடலிலிருந்து தோலுக்கு மாற்றான பொருளை இரு இளைஞர்கள் 2019இல் அறிமுகப்படுத்தி உலகச் சந்தைக்குக் கொண்டுசென்றனர்.

ஒரு செடி, ஐந்து நிலைக்குழுக்கள்

இனி எஞ்சுவது நிர்வாகம். கள்ளி நடும் நிலம் ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் பொறுப்பு. வகையைத் தேர்ந்தெடுக்கும் ஆராய்ச்சி வேளாண் அமைச்சகத்தின் கீழ் வருகிறது. பிளாஸ்டிக் விதிகளும் சான்றிதழும் சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம். உயிரிப் பாலிமர் ஆய்வுக்கு நிதி அறிவியல் அமைச்சகத்திடம். பொருளைச் சோதிக்கும் திறன் பெற்ற 'சிப்பெட்' நிறுவனம் சென்னை கிண்டியில் தலைமையகம் கொண்டது. அதை நிர்வகிப்பது ரசாயனம் மற்றும் உர அமைச்சகம். தரநிலை வகுக்கும் பி.ஐ.எஸ். அமைப்பு நுகர்வோர் விவகார அமைச்சகத்தைச் சேர்ந்தது.

நாடாளுமன்றத்திலும் இதே பிரிவினைதான். ஊரக வளர்ச்சி, வேளாண்மை, அறிவியல்-சுற்றுச்சூழல், ரசாயனம், நுகர்வோர் விவகாரம் என ஐந்து நிலைக்குழுக்களின் வரம்பில் இந்த ஒரு செடி சிதறிக் கிடக்கிறது. உறுப்பினர் ஒருவர் கள்ளி பற்றிக் கேட்டால் நிலவளத் துறை எத்தனை ஹெக்டேர் என்று சொல்லும். பிளாஸ்டிக் பற்றிக் கேட்டால் சுற்றுச்சூழல் அமைச்சகம் எத்தனை டன் என்று சொல்லும். அந்த ஹெக்டேருக்கும் இந்த டன்னுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியை எந்த ஒரு அமைச்சகத்திடமும் முழுமையாகக் கேட்க இயலாது.

வழி இல்லாமல் இல்லை. கள்ளி நடவு நடக்கும் மாவட்டங்களில் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுத்து, ஜோத்பூர் நிறுவனத்தின் மடலும் சிப்பெட்டின் சோதனையும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றும் ஒரே திட்டத்தில் இணையுமாறு செய்யலாம். தொடக்கத்தில் அரசு அலுவலகங்கள், ரயில்வே உணவகங்கள், கோயில் பிரசாதக் கூடங்கள் ஆகியவை உலர் பொருள் உறைகளை வாங்க உறுதியளித்தால் பட்டறைக்குச் சந்தை கிடைக்கும். சிறு உற்பத்தியாளர்களுக்குச் சோதனைக் கட்டணத்தில் சலுகையும் தேவை. இவை எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை.

பிளாஸ்டிக் மாசுக்கு முடிவு கட்ட உலக உடன்படிக்கை காண்பதென 2022 மார்ச்சில் நைரோபியில் நாடுகள் தீர்மானித்தன. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்த சுற்றும் உடன்பாடின்றியே கலைந்தது. பெட்ரோலியத்திலிருந்து பிளாஸ்டிக் உற்பத்தி செய்வதற்கே வரம்பு வேண்டும் என்று ஒரு தரப்பும், கழிவைக் கையாண்டால் போதும் என்று மற்றொரு தரப்பும் நின்றதே அதற்கு முக்கியக் காரணம். உலகம் முடிவெடுக்கும்வரை உள்ளூர் மாற்றுகள் காத்திருக்க வேண்டியதில்லை. தரிசில் நட்ட கள்ளி சில ஆண்டுகளில் வெட்டும் பருவத்துக்கு வந்துவிடும். அதற்குள் அதன் சாற்றுக்கு ஒரு பட்டறையும், தாளுக்கு ஒரு சான்றிதழும், அதை வாங்க ஒரு கடையும் தயாராகுமா என்பதே இன்று ஆறு அமைச்சகங்களின் முன் உள்ள கேள்வி.